பிரேக் இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும்

எங்க வூட்டுக்காரு சௌக்கத் அலி காலைல எய்ந்தா என் மூஞ்சப் பாக்கமாட்டாரு, மோட்டார் சைக்கிளு சக்கரத்தத்தான் பாப்பாரு. தண்டையார்பேட்டைல எங்க தெருவுக்கும் கடலுக்கும் நடுவுல நாலு சந்துதான். ராவெல்லாம் உப்புக் காத்து. ஜன்னல் கம்பி, பூட்டு, தகர டப்பா, எதையும் உடாது. சக்கரத்து போக்ஸ் கம்பின்னா கேக்கவே வேணாம், ஒரு வாரம் உட்டா செவசெவன்னு ஆயிடும். அதனால மனுசன் தெனம் பழந்துணிய நாடா மாரி கிழிச்சி, ஒவ்வொரு கம்பிலயும் சுத்தி, ரெண்டு கையாலயும் இழுத்து இழுத்துத் தேய்ப்பாரு. ரிம்முல துருப் புள்ளி தெரிஞ்சா, சிகரெட் பாக்கெட்டுக்குள்ள ஜிகினாத் தாளு கீதே, அத தண்ணில நனைச்சித் தேய்ப்பாரு. அப்பால சொட்டு ஈரமில்லாம தொடச்சி, மேல லேசா எண்ணெ. இத்தினிக்கும் அவரு பீடி சிகரெட்டு தொடமாட்டாரு. சினிமாக் கொட்டாய்ல ஆட்டம் முடிஞ்சதும் சீட்டுக்கு அடில குனிஞ்சி காலி பாக்கெட்டா பொறுக்கிக்கினு வருவாரு. பாக்கறவன் இன்னா நெனப்பான்னு நான் கத்துவேன். "நெனச்சிக்கினு போறான், நம்ம சக்கரம் பளபளன்னு கீதா இல்லியா?"ன்னு சிரிப்பாரு.

அந்தக் கொட்டாய்தான் எங்களுக்குச் சோறு. அப்பல்லாம் படம் ஒண்ணுதான் வரும், ரெண்டு கொட்டாய்ல ஓட்டுவானுங்க. ராயபுரத்துல ஒரு ரீலு முடிஞ்சதும் அத பொட்டியோட தூக்கிக்கினு திருவொத்தியூரு கொட்டாய்க்கு பறக்கணும். அஞ்சு நிமிசம் லேட்டானா தரை டிக்கெட்டு செருப்பக் கழட்டிடுவான். மத்தவன்லாம் சைக்கிள்ல மிதிச்சி மூச்சு வாங்கிக்கினு இருந்தப்ப, எங்காளு மோட்டார் சைக்கிளு வெச்சிருந்ததாலதான் அந்த வேல கெடச்சிது. வண்டி இல்லன்னா வேல இல்ல. இத மட்டும் மனசுல வெச்சிக்கோ, மத்ததெல்லாம் அப்பால.

எண்ணூர்ல கரண்டு கம்பெனி புச்சா பொகைய ஆரம்பிச்ச வருசம் அது. மழைக்காலம் பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாளு, திருவொத்தியூரு ஹைரோட்ல ஓடிக்கினு இருந்த லாரிலேர்ந்து ஒரு ஆளு இவரு வண்டிக்கு நேரா குதிச்சிட்டான். இவரு போட்டாரு பாரு பிரேக்கு, டயரு தேஞ்சி ரோட்ல கறுப்பா கோடு வியிந்துச்சாம். வண்டி நின்னுடுச்சி. ஆனா ஹேண்டில் பாரு இடிச்சி அந்தாளு கோணயா வியிந்து கால ஒடச்சிக்கினான். இவரே ரிக்‌ஷா புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாரு. "உன் மேல தப்பில்ல பாய், நாந்தான் அவசரப்பட்டேன்"ன்னு அவனே சொன்னான். சொல்லி இன்னா பிரயோசனம்? மாவுக்கட்டு காஞ்சதும் நெல்லூர்ப் பக்கம் அவன் ஊருக்குப் பூட்டான். அட்ரஸும் இல்ல, சாட்சியும் இல்ல.

போலீசு வண்டிய தள்ளிக்கினு போயி டேசன் காம்பவுண்ல நிறுத்திட்டாங்க. எந்த டேசன்னு கேக்காத, கடலப் பாத்த டேசன், அவ்ளோதான். ஏட்டு ஆறுமுகநயினார் சொன்னாரு, "பயப்படாதீங்க பாய். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியப் பாப்பாரு. பிரேக் நல்லாருந்ததுன்னு எழுதிக் குடுத்துட்டார்னா கேஸ் நிக்காது, வண்டிய எடுத்துட்டுப் போகலாம்."

எங்களுக்கு நிம்மதி. பிரேக்குதான் கல்லு மாரி நின்னுச்சே!

அந்த வெள்ளிக்கியம ஜும்மா தொய்துட்டு, துணியும் எண்ணெயும் எடுத்துக்கினு போனாரு. சக்கரத்துகிட்ட குந்தினாரோ இல்லியோ, ஏட்டு ஓடியாந்துட்டாரு. "கைய எடுங்க பாய். கேஸ் வண்டி. நீங்க தொட்டா பிரேக்கச் சரி பண்ணிட்டீங்கன்னு என் தலைய உருட்டுவாங்க."

"பிரேக்க தொடலீங்க ஏட்டையா. கம்பிய மட்டும் தொடச்சிட்டுப் போயிடறேன். இங்க காத்து நேரா அடிக்குது."

"பிரேக் இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும்."

அப்படியே இருக்கணுமாம்! கடலாண்ட கேட்டுக்கினு வந்தியாடான்னு நானா இருந்தா கேட்டிருப்பேன். இவரு கேக்கல. துணியும் கையுமா நின்னாரு. பக்கத்துல டேசன் இன்ஸ்பெக்டர் வண்டி நின்னுச்சி, அதுவும் மோட்டார் சைக்கிளுதான், சக்கரமெல்லாம் கலீஜ். "வேணும்னா அத தொடைங்க"ன்னாரு ஏட்டு. தொடச்சாரு. அப்பால வாராவாரம் போயி இன்ஸ்பெக்டர் வண்டிக்கு ஜிகினாத் தாளு போட்டு, ஒவ்வொரு கம்பியா இழுத்து, கண்ணாடி மாரி ஆக்கிட்டு வருவாரு. எங்க வண்டி ரெண்டடி தள்ளி செவந்துக்கினு நிக்கும்.

"உனுக்கு ரோசமே இல்லியா?"ன்னு கேட்டேன்.

"அவங்க மனசு எளகினா நம்மள்தையும் தொட உடுவாங்க, ஜெரினா."

எங்க எளகறது? மழ வர்றதுக்குள்ள நானே ஒரு நல்ல தார்பாய கொண்டும்போயி ஏட்டு முன்னால போட்டேன். "வண்டிய தொடல, கிட்டகூட வரல, நீயே உன் கையால மூடு"ன்னேன். அவரு நல்ல மனுசன்தான், மூடினாரு. ரெண்டு நாளு கயிச்சி போயி பாத்தா வண்டி மொட்டயா நனஞ்சிக்கினு கீது. தார்பாயி டேசன் கூர மேல. "ரெக்கார்டு ரூம்ல ஒழுகுதும்மா, அய்யா போடச் சொல்லிட்டாரு"ங்கறாரு. நான் போட்ட கூச்சல்ல லாக்கப்புல இருந்தவன்கூட எய்ந்து நின்னான். இன்னா ஆச்சி? ஒண்ணும் ஆவல. தொண்டைதான் கட்டிக்கினுது.

அந்த மழயப் பத்தி கேக்காத. பேஞ்சி உட்டா உப்புக் காத்து, காத்து நின்னா எண்ணூர் சாம்பலு. ஈரத்துல அந்தச் சாம்பலு கம்பி மேல அப்பிக்கும். மொதல்ல மஞ்சளா புள்ளி, அப்பால பொரிப் பொரியா, அப்பால உரிய ஆரம்பிச்சிது. வெள்ளிக்கியமன்னா வூட்டுக்கு வந்து சோத்த பெசஞ்சிக்கினே குந்தியிருப்பாரு. "கம்பிய முடுக்கற நிப்பிளெல்லாம் இறுகிப்போச்சி. இன்னிக்கி ஒரு சொட்டு எண்ணெ உட்டாகூட காப்பாத்திடலாம்"ம்பாரு. நோயாளி புள்ளைய ஜன்னலுக்கு வெளிய நின்னு பாக்கறாப்பல பாத்துட்டு வந்துகினு இருந்தாரு மனுசன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வரல. மொதல்ல லீவுன்னாங்க, அப்பால மாத்தல்ன்னாங்க, அப்பால எலெக்சன் டூட்டின்னாங்க. இவரு வாடகை சைக்கிள எடுத்து ரீலு சொமந்தாரு. மூச்சு எரைக்க எரைக்க வந்து வியிவாரு. கொட்டாயி மேனேஜரு, "பாய், சித்திரைக்கி பெரிய படம் வருது. அதுக்குள்ள வண்டியோட வா. இல்லன்னா வேற ஆளப் பாத்துப்பேன், தப்பா நெனக்காத"ன்னுட்டாரு.

எலெக்சன் முடிஞ்சி ஒரு நாளு ஆளு வந்துட்டாரு. நாங்க ரெண்டு பேரும் ஓடினோம். கண்ணாடி போட்ட சின்ன மனுசன், கோவக்காரருகூட இல்ல. முன் பிரேக்க புடிச்சி அயித்தினாரு. டப்புன்னு கேபிளு அறுந்து கைல வந்துடுச்சி. பின் பிரேக்க மிதிச்சாரு, பெடலு அசையல. பேனாவால போக்ஸ் கம்பிய ஒரு தட்டு தட்டினாரு. ஒண்ணு ஒடஞ்சி தொங்கிச்சி.

ஏட்டு எய்திக்கினாரு, அவரு சொல்லச் சொல்ல: "முன் பிரேக் இல்லை. பின் பிரேக் வேலை செய்யவில்லை. சக்கரங்கள் துருப்பிடித்தவை. வண்டி பராமரிக்கப்படவில்லை."

எங்க வூட்டுக்காரு கைய நீட்டிக்கினு முன்னால போனாரு. "சார், சார், அன்னிக்கி பிரேக் புடிச்சிது சார். மழயெல்லாம் இங்கயே நின்னுச்சி சார். தொட உடல சார். ஏட்டையாவக் கேளுங்க."

ஏட்டு பேனாவயே பாத்துக்கினு இருந்தாரு.

"நான் வந்தப்போ எப்படி இருந்ததோ அதைத்தான் பாய் எழுத முடியும்"ன்னாரு அந்தாளு. நெசமாவே வருத்தமாத்தான் சொன்னாரு. "தேதி போட்டிருக்கேன். கோர்ட்ல சொல்லிக்கோங்க."

அடப்பாவிங்களா! தொடாதன்னு சொன்னதும் நீங்க, தொடலன்னு எய்தறதும் நீங்களா? மண்ண வாரித் தூத்தணும் போல இருந்துச்சி. யாரு மேல தூத்தறது? ஒருத்தனும் பொய் சொல்லல. அதான் எனக்கு இன்னும் ஆறல.

வக்கீலு அம்புரோஸ், ராயபுரத்துக்காரரு. பொறுமையாத்தான் சொன்னாரு. "சண்டை போடலாம். தேதி கணக்கச் சொல்லி வாதாடலாம். ஆனா கேஸ் முடிய ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் வண்டி அங்கயேதான் நிக்கும். தப்ப ஒத்துக்கோ சௌக்கத். ஃபைன் கட்டிட்டு அன்னிக்கே வண்டிய தள்ளிட்டு வந்துடலாம்."

இன்னொரு மழய அந்த வண்டி தாங்குமா? சித்திரையும் நெருங்கிடுச்சி. "எஞ்சின் நல்லாருக்கும். சக்கரம் ரெண்டையும் பிரிச்சி புதுக் கம்பி கோத்துக்கறேன்"ன்னாரு எங்காளு. ராவெல்லாம் தூங்கல, பொரண்டு பொரண்டு படுத்தாரு. காலைல, "ஒத்துக்கறேன்"ன்னாரு.

கோர்ட்ல கூண்டுல ஏறி நின்னாரு. பெருநாளுக்குப் போடற வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு. மாஜிஸ்ட்ரேட்டு அந்தக் காயிதத்தப் படிச்சிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேல பாத்தாரு.

"குற்றத்தை ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேங்க அய்யா."

"பிரேக் இல்லை, சக்கரமெல்லாம் துரு. ரோட்ல போற ஜனங்க உயிர் உனக்கு விளையாட்டா இருக்கா? தினம் ஒரு துணியை எடுத்துத் துடைச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடத் தெரியாதா உனக்கு?"

நான் பெஞ்சிலேர்ந்து எய்ந்துட்டேன். தெரியாதா? அவருக்கா தெரியாது? வாய் வரைக்கும் வந்துடுச்சி. அம்புரோஸு என் கையப் புடிச்சி இயித்து குந்த வெச்சிட்டாரு. "பேசினா எல்லாம் கெட்டுடும்மா"ன்னு காதுல சொன்னாரு.

எங்க வூட்டுக்காரு கீயப் பாத்துக்கினே, "தெரியாதுங்க அய்யா"ன்னாரு.

மாஜிஸ்ட்ரேட்டு எய்தினாரு. ஃபைன். அதோட நிறுத்தல. "ஒரு வருஷத்துக்கு உன் லைசென்ஸ் ரத்து"ன்னாரு. அம்புரோஸு எய்ந்து இன்னாமோ இங்கிலீசுல சொல்லிப் பாத்தாரு, அவரு கேக்கல. "அந்த ஒரு வருஷத்துல ஒரு வண்டியை எப்படி வெச்சுக்கணும்னு யார்கிட்டயாவது போய்க் கத்துக்கோ."

எங்க வூட்டுக்காரு கூண்டுல கையக் கட்டிக்கினு, "சரிங்க அய்யா, கத்துக்கறேன்"ன்னாரு.