நாலாவது கோப்பு

1

ஒரு சிறிய கோப்பை அனுப்பாமல் விட்டதால் வந்த கதை இது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். விட்டது யார் என்று சொல்வதில்தான் கொஞ்சம் சங்கடம்.

முதலில் எழுதிய ஆரம்பம்: ‘மன்னார் நகரில் ஒரு தனியார் நில அளவைக் கந்தோர். அங்கே டிலுக்சன் என்றொருவர் வரைபட வேலை பார்த்தார். கவனமில்லாத மனிதர். எப்போது பார்த்தாலும் காதில் பாட்டு, கையில்...’

இருக்கட்டும். பிறகு பார்ப்போம். 

2

(இது கட்டுரைத் துண்டு. தாண்டிப் போகிறவர்கள் போகலாம். பிறகு வந்து என்னிடம் விளக்கம் கேட்கக் கூடாது.)

ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவத்தில் ஒரு நிலப்படத்தைச் சேமித்தால் அது ஒற்றைக் கோப்பாக நிற்காது. ஒரே பெயரும் வேறு வேறு வாலுமாகக் குறைந்தது நாலு விழும். ஒன்றில் கோடுகள், ஒன்றில் அவற்றைத் தேடும் அட்டவணை, ஒன்றில் பெயர் விபரம். நாலாவது மிகச் சிறியது. திறந்தால் கொஞ்சம் எழுத்தும் எண்ணும் மட்டும். ஆனால் இந்தக் கோடுகள் எந்த அளவை முறையில் எண்ணப்பட்டவை என்று சொல்வது அதுதான். அது இல்லையென்றால் கணினி தன் பாட்டுக்கு ஒன்றை ஊகித்துக்கொள்ளும். நமது பழைய அளவை முறையை ஜீ.பீ.எஸ். பாவிக்கிற செய்மதி முறை என்று எடுத்துக்கொண்டால் படம் இருநூறு மீட்டர் அளவுக்கு மேற்கே நகர்ந்துவிடும்.*

* கடலில் இருநூறு மீட்டர் ஒன்றுமே இல்லை. காணியில் அது மூன்று குடும்பம்.

3

டிலுக்சன் அரசாங்கக் காட்டெல்லைக் கோப்புகளை, ஊர் திரும்பிய சனத்துக்கு வீடு கட்டிக்கொடுக்கிற வீட்டுத்திட்டக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்றை அனுப்பினார். நாலாவதைக் குப்பை என்று நினைத்து...

இந்த இடத்தில் எனக்கு டிலுக்சன் மேல் நம்பிக்கை போய்விட்டது. எவ்வளவு முயன்றும் அவருக்கு ஒரு முகம் வரவில்லை. எப்படி வரும்? எங்கள் கந்தோரில் அப்படி ஒருவரும் இல்லை. பதினொரு வருசமாக அங்கே வரைபடம் போடுகிறவன் நான் ஒருவன்தான். குப்பை என்று விட்டவனும் நான்தான். 

4

நூர்ஜஹான் அக்கா யுத்தத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, இருபது வருசத்துக்கு மேல் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, மன்னாருக்குத் தெற்கே முசலிப் பக்கம் திரும்பியவர். அவருடைய வீட்டுச் சுவர் கூரை மட்டத்துக்கு எழும்பியிருந்தபோது, வீடு காட்டுக்குள் நிற்கிறது, வேலையை நிறுத்துங்கள் என்று வீட்டுத்திட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மகள் பஹ்மிதாவையும் கூட்டிக்கொண்டு, அந்தப் படத்தைப் பார்க்க எங்கள் கந்தோருக்கு வந்தார். கடல் அன்று அமைதியாக... (இல்லை. கந்தோரிலிருந்து கடல் தெரியாது.)

“தம்பி, இன்னொருக்கா சாமான் கட்ட என்னால ஏலாது” என்றார்.

நான் அனுப்பிய படத்தை அப்படியே செய்மதிப் படத்தின் மேல் திறந்தேன். காட்டெல்லைக் கோடு வீட்டைத் தாண்டி மேற்கே விழுந்திருந்தது. அக்கா வீட்டைப் பார்க்கவில்லை. இன்னும் மேற்கே ஓடிய ஒரு கோட்டில் விரலை வைத்தார்.

“இது என்ன?”

“கரை றோட்டு அக்கா. எல்லையோட சேத்துக் கீறினது.”

“அப்ப நாங்க வந்த பஸ் கடலுக்காலயா வந்தது?”

பஹ்மிதா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீதி உண்மையாகவே கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. (பதினொரு வருச அனுபவம்!) அனுப்பாமல் விட்ட நாலாவது கோப்பைத் தேடிப் பிடித்து மற்ற மூன்றோடும் வைத்துத் திரும்பத் திறந்தேன். வீதி கரையேறியது. காட்டெல்லையும் கூடவே கிழக்கே போனது. வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே நூற்றுப்பத்து மீட்டர்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா கதிரையில் இருந்தார். சரியான படத்தை உடனேயே அனுப்பினேன். திங்கட்கிழமை மேசன் வேலைக்கு வந்துவிட்டார்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். கூரை போட்ட அன்று அக்கா என்னைக் கூப்பிட்டு வட்டிலாப்பம் தந்தார் என்பது நல்ல முடிவு. நடந்ததும்கூட. ஆனால் தட்டை என் கையில் தந்தபடி ஒன்று கேட்டார்:

“அந்தப் பிழையான படத்த அனுப்பினது ஆர் தம்பி?”

உங்களிடம் முயன்றுபார்த்ததுபோல அங்கேயும் ஒரு பெயரைச் சொல்லித் தப்பியிருக்கலாம்.

“நான்தான் அக்கா.”

சொன்னதும் உடம்பே இலேசானது. அவர் என்ன சொன்னார் என்பதை எழுதமாட்டேன். எதை எழுதினாலும் எனக்கு நானே மன்னிப்பு வழங்கியதாகிவிடும். ஆகவே அந்த வீடு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினேழு நாள் வேலை நின்றது. பதினேழு நாளும் திரும்பப் புத்தளமா என்று யோசித்தபடி படுத்தீர்கள். இப்போது கூரை போட்டாயிற்று. அந்தப் பதினேழு நாளையும் தந்தவன் நீங்கள் கொடுத்த தட்டோடு உங்கள் வாசலில் நிற்கிறான்.

சொல்லுங்கள்.