மூடியாச்சு

என் புருஷன் முத்துவீரனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. அதற்குப் பதிலாக எட்டுக்கால் பூச்சி வளர்த்தார். சுவர் மூலையில் வலை கட்டுகிற சின்னப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். விரித்து வைத்த என் கையைவிடப் பெரியது. உடம்பெல்லாம் மயிர், சாம்பல் நிறம், முன்னங்கால்களுக்கு அடியில் மட்டும் மஞ்சள். சிங்களத்தில் திவிமகுளுவா என்பார்கள். கடித்தால் நாள் கணக்கில் கை கால் இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

மாத்தளையில் மரம் அறுக்கிற ஒரு மரக்காலையில் அவருக்கு வேலை. பொந்து விழுந்த பலாமரத்தை அறுக்கும்போது உள்ளேயிருந்து இவை வெளியே ஓடி வரும். மற்றவர்கள் கட்டையால் அடிப்பார்கள். இவர் இடுப்பில் கட்டிய சாரத்தில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்படியே மூன்று சேர்ந்துவிட்டன. கடையில் டொபி போட்டு வைக்கிற பெரிய கண்ணாடிப் போத்தல் மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரு மரப்பட்டை, ஒரு சோடா மூடியில் தண்ணீர். போத்தல் வாய்க்கு ஆணியால் ஓட்டை போட்ட தகரம், தகரத்துக்கு மேல் அரைச் செங்கல். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அல்லவா, தோட்டத்து மேலிடத்துப் பெயர்களாகவே வைத்தார்: கங்காணி, கணக்கப்பிள்ளை, துரைசாணி. துரைசாணிதான் பெரியது. போட்ட கரப்பானை உடனே தொடாது, மனசு வந்தால்தான் சாப்பிடும். அந்தக் கரப்பானை உயிரோடு பிடித்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஒருநாள் துரைசாணி கால்களை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டது என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் பார்த்தால் பழைய சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு, முன்னைவிடப் பெரிதாக உட்கார்ந்திருக்கிறது. அன்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார ஸுலைஹா ராத்தா முக்காடுகூடப் போடாமல் ஓடி வந்தார். அவர் கணவர் இத்ரூஸ் நானா மிளகு, கராம்பு வாங்கி விற்பவர். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் சத்தம் அந்த ஒழுங்கையின் கடைசி வீடுவரை பிரசித்தம்.

எங்கள் மகள் சந்திரகாந்தாவுக்கு அப்போது மூன்று வயது. அவள் அப்பன் பிள்ளை. அவர் துரைசாணியை வெளியே எடுத்து ஒரு கையிலிருந்து மறுகைக்கு நடக்கவிடுவார். ஒருமுறை மூடி திறந்திருந்த நேரத்தில் அவள் விளையாட்டாக ஊத, துரைசாணி கண் மூடித் திறக்கிறதுக்குள் அவர் தோளுக்கு ஏறிவிட்டது. மூச்சுக்காற்று பட்டால் அதற்கு ஆகாதாம். அன்றைக்குப் பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். பூச்சி வெளியே இருக்கும்வரை யாரும் பேசக்கூடாது, ஊதக்கூடாது, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். திரும்ப உள்ளே விட்டு, தகரத்தை வைத்து, "மூடியாச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். நான் எது சொன்னாலும் கேட்காத அந்தக் குட்டி, இந்தச் சட்டத்தை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை.

ஆனால் ஒரு பிற்பகல் அவள் போத்தலில் கன்னத்தை ஒட்டிவைத்துத் தூங்குவதைப் பார்த்தேன். இந்த வீட்டில் அதுகள் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் இருந்தேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று போத்தலையும் இத்ரூஸ் நானாவின் மிளகு அறைக்குக் கொண்டுபோனார். நானா மறுக்கவில்லை. என் பிடிவாதத்தால்தான் அவை அங்கே போயின. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். கொழும்பில் தமிழ் ஆட்களின் கடைகளை எரிக்கிறார்கள் என்று லொறிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டு அவர் காலையில் வேலைக்குப் போனார். பத்து மணிக்கெல்லாம் கடைத்தெருப் பக்கம் கரும்புகை எழும்பியது. ஸுலைஹா ராத்தா பின்வாசலால் வந்து பிள்ளையைத் தூக்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மிளகு அறையின் கோடியில் எங்களை உட்கார வைத்து, நானாவும் ராத்தாவும் முன்னால் சாக்கு மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கினார்கள். கடைசி மூட்டையை வைக்கும்போது ராத்தா இடைவெளியில் குனிந்து சொன்னார்.

"புள்ளைய மட்டும் சத்தம் போட உட்டுராதீங்க. கேட்டுச்சோ, நாங்களும் இல்ல, நீங்களும் இல்ல."

அந்த மூட்டையைத் தள்ளியபோது என் பக்கத்தில் எதுவோ உருண்டது. வெளியே பூட்டு விழுந்தது. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்ததால் வெளிச்சம் இருந்தது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் சுவரோரம் இருந்தன. துரைசாணியின் போத்தல் சாய்ந்து கிடந்தது. செங்கல் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம். போத்தலுக்குள் மரப்பட்டை மட்டும்தான் இருந்தது.

இரண்டு முழ இடம், அதற்குள் நான், பிள்ளை, கண்ணுக்குத் தெரியாமல் அது. எழுந்து ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. சேலையை இழுத்துக் காலைச் சுற்றிக்கொண்டேன். தலைக்கு மேல் பார்ப்பதா, காலடியில் பார்ப்பதா என்று தெரியவில்லை.

காந்தா சிணுங்கத் தொடங்கினாள். மிளகுத் தூசி அவள் கண்ணை எரித்தது. தண்ணீர் வேண்டும் என்றாள், அப்பா எங்கே என்றாள். காதில் கெஞ்சினேன், மிரட்டினேன். வாயைப் பொத்தினேன், என் விரலைக் கடித்தாள். அப்போது முற்றத்தில் ஆட்கள் வந்த சத்தம் கேட்டது. ஐந்தாறு பேர் இருக்கும். மரக்காலைத் தமிழன் குடும்பம் இங்கேதானே இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்று நானா சொன்னார். அந்தக் குரல் நானாவின் குரல் மாதிரியே இல்லை. இந்த அறையில் என்ன என்று ஒருவன் கேட்டான். கதவில் இரும்பால் தட்டினான்.

அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை வீரிட மூச்சை இழுத்தாள். அவள் நெஞ்சு உப்புவது என் மடியில் தெரிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். என் குலதெய்வத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை.

அந்த மூச்சு வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் துரைசாணி இருந்தது.

சாக்கிலிருந்து என் தோளில் இறங்கியிருந்தது. ரவிக்கைக் கையைத் தாண்டி, என் வெறும் தோலில் காலை வைத்தது. நகம் நகமாகக் குத்தியது. அதற்கு ஒரு வெற்றிலைப் பாரம்கூட இல்லை. உதறு, உதறு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. உதறினால் அது போய்விடும். அது போய்விட்டால் இவள் வாயைத் திறப்பாள். அதைப் போகவிடக்கூடாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பூட்டைத் திறக்கிறார்கள். துரைசாணி முழங்கையைத் தாண்டி விரலுக்கு வந்து, அங்கிருந்து சாக்குக்கு ஏறப் பார்த்தது. அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இடது கையை அதன் முன்னால் வைத்தேன். ஏறியது. அந்தக் கையில் நடந்து முடிந்ததும் வலது கையை வைத்தேன். மறுபடி ஏறியது. என் கைகள் நடுங்கினால் அது நின்றுவிடும், நின்றால் கடிக்க முன்னங்காலைத் தூக்கும். நடுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்தேன். என் சேலை நனைந்துபோயிற்று. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒருவன் உள்ளே வந்தான். எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு வரிசைச் சாக்கு. மேல் மூட்டையில் இரும்பைச் செருகி இழுத்தான். மிளகு என் தலையில் கொட்டி, கழுத்து வழியாக முதுகுக்குள் போனது. நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையும் அதைத்தான் பார்த்தாள். அவளுக்கு அந்த மனிதன் ஒரு பொருட்டே இல்லை. அவன் இரண்டு தரம் தும்மினான், ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், போய்விட்டான். பிறகு எங்கள் அறையில் பானை உடைகிற சத்தம் கேட்டது. எங்கள் துணிகள் எரிகிற வாசனை வந்தது. அதெல்லாம் முடியும்வரை நான் கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தேன்.

அவர்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போன பிறகு கையைச் சுவரில் வைத்தேன். துரைசாணி சுவரேறி ஓட்டுக்கு அடியில் மறைந்தது.

"மூடியாச்சு" என்று காந்தாவிடம் சொன்னேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். வாயிலிருந்து கையை எடுக்காமல், கீழே கிடந்த வெறும் போத்தலைக் கண்ணால் காட்டினாள். என் பிள்ளையிடம் பொய் சொல்லி ஏமாற்ற முடியவில்லை.

பின்னேரம் எங்களை லொறியில் ஏற்றி, அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நூற்றுக்கணக்கான சனம். காந்தா தண்ணீர் குடித்தாள், பாண் தின்றாள். முடிந்ததும் கை மறுபடி வாய்க்குப் போய்விடும். ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பயந்துவிட்டது, ஊமையாகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவள் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் வந்தார். தலை முழுக்க மரத்தூள். மரக்காலையில் கூட வேலை செய்தவர்கள் தூள் குழிக்குள் போட்டு மூடி அவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர் போய், சமையல் செய்கிற இடத்திலிருந்து ஒரு வெறும் ஹோர்லிக்ஸ் போத்தல் வாங்கி வந்தார். பிள்ளைக்கு முன்னால் குந்தினார். உள்ளங்கையில் எதையோ வைத்திருப்பதுபோல மெதுவாகக் கொண்டுபோய்ப் போத்தலுக்குள் விட்டார். மூடியைத் திருகினார்.

"மூடியாச்சு."

காந்தா போத்தலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கையை இறக்கினாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவர் மடியில் ஏறினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் சொல்லுங்கப்பா. அம்மா இன்னும் கைய எறக்கல்ல."

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் வலது கை உடம்பில் படாமல், நேற்றிலிருந்து அப்படியே முன்னால் நீட்டியிருந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்தார்.

"மூடியாச்சு புள்ள" என்றார்.

அத்தனை சனத்துக்கு நடுவில் நான் கத்தினேன்.