மூத்தவளுக்கும் ஒரு வீடு

சாய்ந்தமருதில் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டு யோசனையும் கூடவே பிறந்துவிடும். கல்யாணத்துக்கு முன் அவள் பெயரில் ஒரு வீடு எழும்ப வேண்டும். தோணி வைத்து மீன் பிடிக்கும் மீராலெவ்வைக்கு இரண்டு பெண்கள். ஆனால் தங்கள் வீட்டைச் சுற்றியிருந்த வளவில் வீடு கட்ட நாள் பார்த்தது இளையவள் றிபாவுக்கு மட்டும்தான்.

மூத்தவள் சிபானாவுக்கு ஒன்பது வயதில் பார்வை மங்கத் தொடங்கியது. பதினாறில் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. "இனி இவவ ஊட்டோட வெச்சிக்கங்க" என்றவர்கள் ஏராளம். றிபா பாடங்களை வாசித்துப் போனில் பதிந்து கொடுத்தாள். கேட்டுக் கேட்டே சிபானா பல்கலைக்கழகம் வரை போய்வந்து, இப்போது நிந்தவூரில் வரலாறு படிப்பிக்கிறாள்.

அன்று சாப்பிடும்போது கேட்டேவிட்டாள்.

"வாப்பா, எனக்கு எங்க ஊடு?"

உம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கட அறைக்குப் பக்கத்தில உனக்கு அறை இரிக்கிதானே மகள். தனிய எப்படி இருப்பாய்?" என்றார் வாப்பா.

"தனியத்தானே தினமும் நிந்தவூருக்குப் போறன்?"

அவர் அவளுடைய மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இருபத்தெட்டு வயது.

மறுநாள் பஸ் காரைதீவைத் தாண்டும்போது பின்னால் ஓர் இருமல். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? நிந்தவூரில் இறங்கி, வெள்ளைப் பிரம்போடு நின்று, வாகன இரைச்சல் தணிந்ததும் வீதியைக் கடந்தாள். பிள்ளைகள் "டீச்சர்!" என்று ஓடிவந்தார்கள். ஒருத்தி தன் புதுச் சப்பாத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்து, மெச்சிவிட்டு, சிபானா பின்பக்கம் திரும்பினாள்.

"வாப்பா, ஊட்ட போக பஸ் தெரியுமா? கொண்டுவந்து உடவா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் இருமிக்கொண்டே சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வீடு கட்டும் மேசனைக் கூட்டிவந்து வளவை இரண்டாகக் கயிறு பிடித்தார். வேலிக்கு மேலால் அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு றுக்ஸானா எட்டிப் பார்த்தாள்.

"காக்கா, கண் தெரியாத புள்ளைக்கு என்னத்துக்கு ஊடு?"

"எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. ரெண்டு ஊடு" என்றார் மீராலெவ்வை. பிறகு மூத்தவளிடம் குரலைத் தாழ்த்தி, "சுவரெல்லாம் கைபிடிக்கக் கம்பி அடிப்பமா?" என்று கேட்டார்.

"கம்பி வேணாம் வாப்பா. கடல் பக்கம் பெரிய ஜன்னல் வைங்க."

"உங்களுக்கு ஜன்னல் என்னத்துக்கு..." என்று தொடங்கிய மேசன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"காத்து வர" என்றாள் சிபானா.

சிரிப்பை அடக்க முடியாமல் றிபா அவள் தோளில் சாய்ந்தாள். வாப்பா அதற்குள் ஜன்னலுக்கு எத்தனை அடி என்று மேசனோடு வாதாடத் தொடங்கியிருந்தார்.