மூன்று மணிக்கு மேல் இடது பக்கம்

'நான் இடது பக்க பட்டனைத்தான் அமுக்கினேன். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.'

இரண்டே வரி. ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில் உட்காரும் ஒரு அக்கா, மேலதிகாரி கேட்ட விளக்கத்துக்கு நீல மையில் எழுதிக் கொடுத்த பதில். அதைப் படம்பிடித்து எங்கள் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் அதை உரக்கப் படித்தார். மொத்த ஆபீஸும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், பிறகு நான் ஏதோ நியாயத்துக்கென்றே பிறந்து வந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் வெப் அப்ளிகேஷன் நாங்கள் செய்தது. பதிவுப் பக்கத்தில் அன்றைக்கு வர வேண்டிய நோயாளிகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு பட்டன். இடது பக்கம் 'வந்தாச்சு', வலது பக்கம் 'நீக்கு'. எதை அமுக்கினாலும் பெயர் பட்டியலை விட்டுப் போய்விடும். வந்தாச்சு என்றால் டாக்டரின் திரைக்குப் போகும், நீக்கு என்றால் எங்கேயும் போகாது. ஒன்பது நாளில் இருபத்து மூன்று பேர் எங்கேயும் போகாமல் போயிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் இரண்டரை மணி நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, கதவைப் பூட்ட வந்தவரிடம் தன் பெயரைக் கூப்பிடவே இல்லையே என்று கேட்டிருக்கிறார். அவருடைய மகள் புகார் எழுதினாள். இடது பக்கம் அமுக்கினால் பெயர் நீங்க வழியே இல்லை, நீங்கியிருக்கிறது, ஆகவே அக்கா பொய் சொல்கிறார். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது மாதிரி இருந்தது கணக்கு.

வியாழக்கிழமை விசாரணை. பெரும்பாலும் அக்காவின் வேலை போய்விடும் என்று பேச்சு. விசாரணைக்கு எங்களிடம் கேட்டது ஒரே ஒரு காகிதம்தான். எந்த நேரத்தில், எந்தப் பெயரில் நுழைந்தவர், எதை அமுக்கினார் என்று சர்வர் எழுதி வைத்திருக்கும் லாக். அதை எடுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் மேனேஜர் எந்தச் சண்டையையும் 'சமாதானமா போயிடலாம்' என்று முடிப்பவர். அதனால் அவருக்குப் பெயரே சமாதானம். எனக்குப் பெயர் மிளகாய். முகத்துக்கு நேரே சொல்ல இதுவரை ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

லாக்கை அச்சடிக்கக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கலாம். போகவில்லை. இருபத்து மூன்று நேரங்களையும் விரலால் தடவிக்கொண்டே வந்தேன். மூன்று பத்து. மூன்று நாற்பது. நாலு ஐந்து. மூன்று மணிக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் தேதிக்கு முன்னால், அக்கா கவுண்டரில் உட்கார்ந்த பதினோரு வருடத்துக்கும் சேர்த்து, இந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. சமாதானத்திடம் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணைச் சொக்கும், யாருக்குத்தான் சொக்காது என்றார். இருக்கலாம். ஆனால் அந்த மூன்றாம் தேதியை மட்டும் பேனாவால் சுழித்து வைத்தேன். ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவு அக்காவைக் கவுண்டரிலிருந்து எடுத்து, பழைய ஃபைல்கள் அடுக்கிய பின்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர். மேஜைமேல் ஒரு தூசு இல்லை, பேனாக்கள் அளவுப்படி படுத்திருந்தன. அவருக்குப் பதில் கவுண்டரில் வேறு ஒருத்தி உட்கார்ந்த பிறகு ஒரு பெயரும் காணாமல் போகவில்லையாம். வழியிலேயே இரண்டு பேர் அதை என்னிடம் சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டி, பயிற்சிக்கு வைத்திருக்கும் பொய்ப் பெயர்களை வைத்து வேலை செய்து காட்டச் சொன்னேன். செய்தார். பட்டனைப் பார்க்கவே இல்லை. கண், எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்ட நோயாளியின் முகத்தைப் பார்க்க, கை தானாக இடது பக்கம் போய் வந்தாச்சு, வந்தாச்சு என்று அமுக்கிக்கொண்டே போனது. ஒரு பிழை இல்லை. மூன்று மணிக்கு மேல் மட்டும் வித்தியாசமாக ஏதாவது செய்வீர்களா என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. மத்தியானத்துக்கு மேல எழுத்தெல்லாம் கலங்குது. கொஞ்சம் பெருசாக்கிக்குவேன். கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா என்னைக் கவுண்டர்ல விடுவாங்களா?"

சொல்லிவிட்டு இரண்டு விரலால் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினார். எழுத்து பெரிதாயிற்று. இன்னொரு தட்டு. இன்னொன்று. நாலாவது தட்டில், என் கண் முன்னால், இடது பக்கம் இருந்த வந்தாச்சு வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் கை பழையபடி இடது பக்கம் போயிற்று. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் டெம்ப்ளேட்டில் இங்கே பெயர், இங்கே நேரம், இங்கே இரண்டு பட்டன் என்று எது வேண்டும் என்பதை மட்டும் எழுதுவோம். அதை எந்தத் திரையில் எப்படி அடுக்குவது என்பதை ஸ்டைல் சொல்லும். அந்த ஸ்டைல் பொதுவானது, நாற்பத்தோரு பக்கத்துக்கும் ஒன்றுதான். அடுக்குமாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி, மேலே ஒருவர் கையை விட்டுக் கலக்கினால் கீழே எந்த வீட்டுக் குழாயில் தெரியும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் தேதி கலக்கியது நான். டாக்டர்கள் போனில் பார்க்கும்போது முக்கியமான பட்டன் வலது கட்டைவிரலுக்கு எட்டவில்லை என்று குறைப்பட்டார்கள். திரையின் அகலம் குறைந்தால் பட்டன் வரிசையைத் திருப்பிப் போடு என்று பொது ஸ்டைலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். சமாதானம் கைதட்டினார். எழுத்தைப் பெரிதாக்கினால் பிரௌசருக்குத் திரை சுருங்கின மாதிரிதான், எவ்வளவு பெரிய மானிட்டராக இருந்தாலும் அதைப் போன் என்றே நினைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் மணிக்கட்டை உருவிக்கொண்டார்.

"அவங்க கட்டைவிரலுக்காக என் கைய மாத்தினியா? இத்தனை நாளா ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன், இடதுதான், இடதுதான்னு. பைத்தியம்னு பாத்தாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா, தெரியுமா உனக்கு?"

மிளகாய்க்கு அன்றைக்கு வாய் எரிந்தது.

ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வரி டாக்டர்களின் பக்கத்தை மட்டும் தொடும்படி மாற்றினேன். எட்டு நிமிட வேலை. சமாதானத்திடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் லீவு தருபவர் அவர்தான். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி பண்ணிட்டீங்கல்ல? அப்ப விட்டுடுங்க. மாற்றக் குறிப்புல 'சின்ன அழகு வேலை'ன்னு போட்டுடுங்க. அவங்க கேட்டது லாக். லாக்கக் குடுப்போம். லாக் பொய் சொல்லாதுல்ல?"

லாக் பொய் சொல்லாதுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், வீட்டுக்கு வரும் சில உறவுக்காரர்களைப் போல. 'நீக்கு' அமுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும், அந்த 'நீக்கு' அப்போது எங்கே இருந்தது என்று எழுதியிருக்காது. ஆஸ்பத்திரி கையைவிட்டுப் போனால் இங்கே பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் சமாதானம். அதில் முதல் ஆள் நான் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு யோசனை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று படி இறங்கும்போது என்னையே திட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். சாயங்காலம் அவர் யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்க, நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை போனால் போகட்டும் என்று வீரமாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், காலரை நீவிக்கொண்டே அவர் பாட்டுக்கு இருந்தார். நாலு வருடத்துக்கு முன் பிரேக் பிடிக்காமல் அவர் வண்டி ஒரு சுவரில் மோதியது. மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

"விசாரணைக்கு டிரைவரத்தான் கூப்பிடுவாங்க," என்றார். "வண்டிய யாரும் கூப்பிட மாட்டாங்க."

அப்புறம் சட்டையை மாட்டித் தொங்கவிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆபீஸில் உட்கார்ந்து மாற்றக் குறிப்பை எழுதினேன். எங்கள் தொழிலில் யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்ற குறிப்பு இல்லாமல் எதையும் உள்ளே விட முடியாது, விட்ட பிறகு அழிக்கவும் முடியாது. 'மூன்றாம் தேதி நான் பொது ஸ்டைலில் செய்த மாற்றம், எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்குப் பதிவுப் பக்கத்தின் பட்டன்களை இடம் மாற்றிவிட்டது. மற்றப் பக்கங்களைப் பார்க்காமல் செய்தது என் தவறு. அமுக்கியவர்மேல் தவறு இல்லை.' கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பினேன். பிறகு, மூன்றாம் தேதி இருந்த பக்கத்தை அப்படியே திரும்ப எடுத்து, என் லாப்டாப்பில் ஓடும்படி வைத்துக்கொண்டேன். அதுதான் வண்டி.

அக்காவுக்குப் போன் செய்தேன். விசாரணையில் நான் வந்து காட்டுகிறேன், ஆனால் காட்ட வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், ஏன் பெரிதாக்கினீர்கள் என்று கேட்பார்கள் என்றேன். உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் கண் விஷயத்தைத் தவிர்த்து வேறு எப்படியாவது சொல்லிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ ஒரு ஃபைலைப் புரட்டுவது கேட்டது.

"பெருசா வச்சுப் படிக்கிறது குத்தமாம்மா?"

"இல்லக்கா."

"அப்ப நானே காட்டுறேன். நீ பக்கத்துல நில்லு போதும்."

வியாழக்கிழமை விசாரணை அறையில் நீள மேஜை. அதன் தலைமாட்டில் நிர்வாக அதிகாரி, பக்கத்தில் இரண்டு பேர். புகார் எழுதிய மகளும் வந்திருந்தாள், பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. சமாதானம் காலையில் என்னிடம் பேசவில்லை. குறிப்பைப் படித்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. நீங்கள் போவது உங்கள் சொந்தப் பொறுப்பில் என்று மட்டும் மெயில் அனுப்பியிருந்தார். லாப்டாப்பைத் திறந்து சுவரில் படம் விழ வைக்கும்போதுதான் சார்ஜரை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. பேட்டரி ஒன்பது சதவீதம். சரி, இதுவும் வேண்டும் எனக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. சமாதானம் உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் சார்ஜரை என் முன்னால் வைத்துவிட்டு, கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எந்தப் பக்கத்து ஆளாக வந்திருக்கிறார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதிகாரி லாக்கை வாசித்தார். இருபத்து மூன்று முறையும் 'நீக்கு' என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அக்கா தலையைக் குனியவில்லை. பிறகு அதிகாரி எழுந்து சுவருக்கே போனார். அங்கே பட்டியல் பளிச்சென்று விழுந்திருந்தது. முதல் பெயருக்கு எதிரில் இருந்த இடது பட்டன்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். சட்டைக் கையிலெல்லாம் பெயர்கள் ஓடின.

"இடது பக்கம் அமுக்கினேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இங்க என்ன எழுதியிருக்கு, வாசிங்க."

"வந்தாச்சு," என்றார் அக்கா.

"அப்புறம்?"

"விரல எடுக்காதீங்க சார். அப்படியே வச்சிருங்க." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் லாப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். "எனக்கு மத்தியானத்துக்கு மேல கண்ணு கலங்கும். மூணு மணிக்கு மேல நான் எப்படிப் பாப்பனோ, அப்படிக் காட்டுறேன்."

அறையில் ஒருவர் செருமினார். அக்கா இரண்டு விரலால் தட்டினார். சுவரில் எழுத்துக்கள் பெரிதாயின. இடது பட்டன் கொஞ்சம் நகர்ந்தது, அதிகாரியின் விரலும் கூடவே நகர்ந்தது. இரண்டாவது தட்டு. பெரியவரின் மகள் பையைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். மூன்றாவது தட்டில் பட்டன் இன்னும் கீழே இறங்கியது. அதிகாரி முட்டியை மடக்கிக்கொண்டு இடது பக்கத்தை விடாமல் விரலால் துரத்திப் பிடித்தார். அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

நாலாவது தட்டு விழுந்தது. அதிகாரி சுவரோடு குனிந்தபடியே இருந்தார், இடது பக்கத்தில் ஊன்றிய விரலை எடுக்காமல். அந்த விரலுக்கு அடியில், உள்ளங்கை அகல எழுத்தில், 'நீக்கு' என்று இருந்தது.