நாலு பை, ஒரே குவியல்

அந்தப் பழைய துணிக்கடையில் சம்பளம் வாங்குகிற ஆள் யாரும் கிடையாது. பூட்டிக் கிடந்த ஒரு செருப்புக் கடையைக் கழுவித் துடைத்து, இங்கே பைகளைக் கொட்டிப் பிரிக்கிற கிழவரின் மனைவியும் ஒரு நர்ஸம்மாவும் ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. வேண்டாமென்று ஜனங்கள் கொடுப்பதை வாங்கி மலிவாக விற்று, வருகிற காசில் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிற ஏழைகளுக்கு மருந்து. கதை அவ்வளவுதான்.

கடைக்கு இரண்டே சட்டம். ஒன்று மனைவி போட்டது: பை கொண்டுவருகிறவரிடம் பேரும் கேட்கக் கூடாது, விலாசமும் கேட்கக் கூடாது. செத்தவர் துணியோடு வந்து வாசலிலேயே உடைந்துபோனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். மற்றது கிழவர் போட்டது: வந்த பைகளையெல்லாம் ஒரே மேசையில் ஒன்றாகக் கொட்டிய பிறகுதான் யாரும் துணியில் கை வைக்கலாம். தனித்தனியாகப் பிரித்தால் நல்லதை எவராவது அமுக்கிவிடுவார் என்பது அவர் எண்ணம். லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கியே காலத்தை ஓட்டியவர் அல்லவா! கடைப் பெண்கள் அவருக்கு வைத்த பேர் செக்போஸ்ட்.

இந்தச் சட்டம் வந்ததே மகனால்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையில் வந்த கைக்கடிகாரம் காணாமல் போனது. பையைப் பிரித்தவன் அவன். எல்லார் முன்னாலும் அவன் சட்டைப்பையில் கிழவர் கையை விட்டார். நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டையின் பை கிழிந்ததுதான் மிச்சம். நீல நூல் இல்லாததால் அம்மா அதைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தாள். அதே கட்டம் போட்ட சட்டையோடு வீட்டை விட்டுப் போனவன்தான். பத்தாம் நாள் கடிகாரம் ஒரு கோட்டின் உள்துணியில் அகப்பட்டது. மகன் அகப்படவில்லை.

இன்று காலை நாலு பை வந்திருந்தது. வழக்கம்போல் நாலையும் கொட்டினார். வெறும் பைகளை மூலையிலிருந்த பழைய பைகளோடு வீசினார். பிறகு குவியலில் கை வைத்தார். கைக்கு வந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. பையோரம் சிவப்பு நூல்.

"நர்ஸம்மா! இன்னைக்கு யார் யாரு பை கொண்டாந்தாங்க?"

"என்னண்ணே, செக்போஸ்ட்டே சட்டத்த மீறுது?" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "ஒரு வாத்தியாரு. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. ஆஸ்பத்திரி துப்புரவு அம்மா, அதான், செத்துப்போயி யாரும் கேட்டு வராத நோயாளிங்க துணிய வார்டு நாடா கட்டிக் கொண்டாருமே, அது. இன்னொண்ணு படியில கெடந்துச்சு."

"இது எதுல வந்துச்சு?"

"என்னையக் கேட்டா? நீங்கதானே கொட்டுனீங்க."

உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த மனைவி சட்டையைப் பார்த்தாள். சிவப்புத் தையலை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவி, மஞ்சள் கவுன் ஒன்றை இழுத்தாள். பொம்மைக்குப் போடுகிற அளவு.

"இதுவும் அதே பைதான். அந்தப் பொண்ணு கொண்டாந்தது."

"எப்படிடி சொல்றே?"

"வாய மூடுங்க. ஏழு வருஷமா உங்க சந்தேகத்த நான் சொமந்தது போதும்." நர்ஸம்மா பக்கம் திரும்பினாள். "கொழந்தை யாரு ஜாடை?"

"மூடியிருந்தாக்கா. நான் சரியாப் பாக்கல."

"அவங்கப்பன் ஜாடையாத்தான் இருக்கும்," என்று அவளே சொல்லிக்கொண்டு கவுனை மடியில் விரித்து, சுருக்கம் எடுக்க ஆரம்பித்தாள்.

கிழவர் சட்டையை மடிக்கப் போனார். கீழ்ப் பொத்தான் துளையில் ஏதோ நெருடியது. முடிச்சுப் போட்ட வெள்ளை நாடா. வார்டு எண் மையில் எழுதியிருந்தது. பக்கத்தில் போன மாதத்துத் தேதி. பெரியாஸ்பத்திரி. இங்கிருந்து ஆறு தெரு தள்ளி.

நிமிர்ந்தார். நர்ஸம்மா பார்த்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூட்டைத் தழும்பேறிய அந்தக் கைக்கு ஒரு முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் மனைவி, கவுனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பொண்ணு திரும்ப வருவாளா?"

பெற்ற பிள்ளையையே நம்பாத மனுஷன், பொத்திய கையைத் திறக்காமல் சொன்னார்:

"வருவா."