மூலை நசுங்காத பெட்டிகள்

"இதுல ஸ்ட்ரெச்சர் திரும்பாதும்மா. முதல்ல பெட்டியெல்லாம் எடுங்க," என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வரும் நடையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, அட்டைப்பெட்டிகள். ஒரு ஆள் போகலாம், வரலாம். ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் போக முடியாது. உள்ளே கட்டிலில் அவள் கணவர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைய, நெஞ்சைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார்.

அவள் எடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக, அடியில் கை கொடுத்துத் தாங்கி, கூடத்து சோபாவில் கொண்டுபோய் வைத்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ வைக்கும்போதுதான், ஓட்டுநரோடு வந்திருந்த உதவியாளர் தன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதைக் கவனித்தாள். அவள் வேகமாகத்தான் நடந்தாள். ஆனால் கைகள் ஒவ்வொரு பெட்டியையும் மூலை இடிக்காமல் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தன. மூலை நசுங்கினால் பாதி விலை. பத்து வருடப் பழக்கம்.

"தூக்கிப் போடுங்கம்மா! நேரமில்ல."

அவள் ஒன்றைத் தூக்கினாள். போடவில்லை. வைத்தாள்.

கடைசியில் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அதில் அவரை உட்கார வைத்துத் தூக்கினார்கள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அந்த நிலையிலும், வண்டியைப் பின்னால் எடுக்க வழிகாட்டுவது மாதிரி கையை அசைத்தார்.

"வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் ரைட்ல ஒடிங்க. பாத்துப்பா, மூலை இடிக்குது. எங்க முதலாளியம்மா என்னைத்தான் திட்டுவாங்க."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

மருத்துவமனையில் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சின்ன வயது டாக்டர் வெளியே வந்து, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்," என்றார். எல்லோரிடமும் சொல்வதுதானோ என்னவோ. அவள் அந்தக் 'கொஞ்ச'த்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் மணியடித்தபோது கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். வண்டிக் கதவு மூடியபோது கைப்பேசியில் பார்த்தாள். பதினோரு நிமிடம்.

எல்லாம் ஒரு நீலக் காண்டாமிருகத்தில் தொடங்கியது. சாவி கொடுத்தால் காதை ஆட்டிக்கொண்டு நாலடி நடக்கும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கியது. பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டியோடு கிடைத்தது. சும்மா படம் எடுத்து இணையத்தில் விலைக்குப் போட்டாள். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது அவளுக்குத் தெரியாது. ஒரே நாளில் ஆறு பேர் போட்டி போட்டார்கள். கடைசியில் போன விலை கணவரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அவர் கைப்பேசியை வாங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நான் தப்பான வண்டியை ஓட்டிட்டு இருந்திருக்கேன்," என்றார். அன்றைக்கு வைத்த பேர்தான் முதலாளியம்மா.

பிறகு நல்ல வருடங்கள். பழைய கடைகளில் தூசியோடு கிடந்த பொம்மைகளைத் தேடித் தேடி வாங்கினாள். காண்டாமிருகம், வரிக்குதிரை, தொப்பி போட்ட கரடி. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர் காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து டேப் ஒட்டுவார். மகள் கல்யாணச் செலவில் பாதி கரடியும் வரிக்குதிரையும் போட்டதுதான். ஒரு தடவை வாங்கிய ஒருவன் போலி என்று எழுதிவிட்டு, பொம்மையின் காலை உடைத்துத் திருப்பி அனுப்பினான். ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்தான் காலை ஒட்டி, டிவி மேல் வைத்து, "இது விற்பனைக்கு இல்ல," என்றார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம், மூடப்போகும் கிடங்கு ஒன்றில் முந்நூற்று நாற்பது நீலக் காண்டாமிருகங்கள் பிரிக்காமல் இருப்பதாகத் தெரிந்தது. அவள் கேட்டாள். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, ஓய்வில் வந்த பணத்தைக் கொடுத்தார். இரண்டு மாடி, அவரே தோளில் சுமந்து ஏற்றினார். ஆறு மாதம் கழித்து வேறொரு கம்பெனி அதே அச்சை வாங்கி அதே காண்டாமிருகத்தைப் புதிதாகச் செய்து கடைக்குக் கடை தொங்கவிட்டது. நெருங்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். யாரும் நெருங்கிப் பார்க்கவில்லை.

"மேல வேணாம் அண்ணி," என்றார் கொழுந்தன், அவரைக் கொண்டுவந்த ஊர்தி வீட்டு வாசலில் நின்றபோது. "கீழ வண்டி நிக்கிற இடத்துலயே வச்சிடலாம். வர்றவங்களுக்கும் வசதி."

ஏன் மேலே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு ஸ்கூட்டர்களை நகர்த்தி இடம் செய்தார்கள். மேலே வந்துபோகிறவர்களுக்கு வழி வேண்டுமென்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடத்தில் கிடந்த பெட்டிகளையும் நடையில் மிச்சமிருந்தவற்றையும் மாடிப்படி ஓரமாக அடுக்கினார்கள். ஆட்கள் வந்தார்கள். டெப்போவிலிருந்து பதினைந்து பேர் ஒன்றாக வந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல் வரிசையாக நின்றார்கள். அவள் அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த கைப்பேசியில் நாணயம் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று விற்றிருக்கிறது. நாற்பது நாளாகக் கேட்காத சத்தம்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல," என்று கைப்பேசியைக் குப்புறத் திருப்பிவைத்தாள். ஆனால் அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள். காண்டாமிருகம். ஒன்று.

சாயந்திரம் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் கீழ்வீட்டுக்காரர் வந்து, "அவசரமில்லம்மா, படிய மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போனார். கொழுந்தன் காபி தம்ளரை உருட்டிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச பொம்மைக் கடைக்காரர் ஒருத்தர் இருக்கார் அண்ணி. மொத்தமா எடுத்துக்கறேங்கறார். பெருசா ஒண்ணும் தரமாட்டார். ஆனா இன்னைக்கே வண்டி அனுப்புவார்."

"குடுத்துடும்மா," என்றாள் மகள். "குடுத்துட்டு எங்கூட வந்துடு. உனக்கு ஒரு ரூம் இருக்கு. ஜன்னலைத் தொறந்தா மரம்."

"ரெண்டு வருஷம் போகட்டும்," என்றாள் அவள்.

"எதுக்கு?"

"விலை ஏறும். அசலுக்குன்னு ஆள் இருக்கு. நேத்துகூட ஒண்ணு போச்சு."

"நேத்தா?" என்றாள் மகள்.

கொழுந்தன் தம்ளரைக் கீழே வைத்தார். மகளுக்கு வாய்வரை ஏதோ வந்தது. "அப்பா இந்தப் பெட்டியாலதான்..." என்று ஆரம்பித்தவள், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர்களிடம் அவளால் எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கடைக்காரர் வாரிக் கொட்டிக்கொண்டு போகிற விலைக்கு இவற்றைக் கொடுத்துவிட்டால், நேற்றுக் காலை அவள் ஒவ்வொன்றாகத் தாங்கி வைத்தது எதற்காக என்றாகிவிடும்.

கொழுந்தன் போன பிறகு அவள் மாடிப்படிக்குப் போனாள். மூன்று மூன்றாக எடுத்துவந்தாள். மகள் உதவிக்கு வரவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. கூடத்தில் இடம் போதாததால் எல்லாவற்றையும் முதலில் படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி வைத்தாள். பிறகு அறைக்குள் நின்றபடியே நடையில் அடுக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை சுவரோரமாக ஒட்டி அடுக்கப் பொறுமையில்லை. கை போன இடத்தில் வைத்துக்கொண்டே போனாள். அறை வாசலுக்கு நேராகவே இடுப்பளவு, பிறகு மார்பளவு எழும்பிவிட்டது.

"அம்மா, சாப்பிட வா."

"வரேன்."

வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் தட்டோடு நடைக்கு வந்தாள். பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள். மகள் எங்கே காலை வைப்பதென்று குனிந்து பார்த்தாள். வழி இல்லை. தட்டைப் பெட்டிகளுக்கு மேலாக நீட்டினாள்.

அவள் வாங்கிக்கொண்டு, கட்டிலில் அவர் படுக்கும் பக்கம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.