குதிங்காலில் கருப்பு

பொன்னாத்தாள் முதலில் அதைச் சேறு என்றுதான் நினைத்தாள். குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த புருஷன் காளியண்ணன் காலை நீட்டிப் படுத்திருந்தான். இடது குதிங்காலில் புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பாக ஒன்று. துணியால் துடைத்தாள். போகவில்லை.

"ஏனுங்க, இதென்னங்க?"

"முள்ளு ஒடிஞ்சிருக்கும். உடு."

வலியில்லை. வலிக்காததை யார் கண்டுகொள்வார்கள்? எழுபத்தெட்டாம் வருஷக் கடலை பறிப்புக்குள் அது அகன்றுவிட்டது. மை கொட்டினாற்போல் ஓரமெல்லாம் பிசிறி, நடுவில் மேடு தட்டியது. கால் ஆணி என்று மல்லசமுத்திரம் சந்தையில் யாரோ சொன்னார்கள். காளியண்ணன் எருக்கம்பால் வைத்தான், பிறகு பிளேடால் சீவினான். ரத்தம் லேசில் நிற்கவில்லை. சீவிய இடத்தில் மறுபடியும் கருப்பே முளைத்தது.

திருச்செங்கோட்டு டாக்டர் பார்த்த கையோடு சேலத்துக்கு அனுப்பினார். அங்கே பெரியாஸ்பத்திரியில் சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா சாரதாமணி மறைக்காமல் சொன்னாள்.

"இது ஆணி இல்லைங்க, புற்றுநோய். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா பொழைக்க வழியிருக்கு."

காளியண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். பஸ்ஸில்தான் வாயைத் திறந்தான்.

"ஒத்தக்கால வெச்சுக்கிட்டு ஏரு ஓட்டறதா, கெணத்துல எறங்கறதா? அதுக்கு நான் போய்ச் சேர்றதே மேலு."

பொன்னாத்தாள் அழுதாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். தன் அண்ணன் அப்புசாமியை வரவழைத்துச் சொல்லச் சொன்னாள். எதற்கும் அவன் மசியவில்லை. யாரோ கொடுத்த பச்சிலையை வைத்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்வந்தான்.

தை கழிந்து ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அன்றைக்குத்தான் அவன் முகத்தில் பயத்தைப் பார்த்தாள்.

"பொன்னா, போலாம். காலு போனாப் போவுது. மேச்சேரி ஆடு நாலு வாங்கி உடு, உக்காந்த எடத்துல மேச்சுக்கறேன்."

அவளுக்குச் சாமி வந்து சொன்னதுபோல் இருந்தது. ஏரை அண்ணன் பார்த்துக்கொள்வார், மனுஷன் இருந்தால் போதும். சேலம் போகும் வழியெல்லாம் ஆட்டுப்பட்டியை எந்தப் பக்கம் போடுவது என்றே பேசிக்கொண்டு போனார்கள்.

சாரதாமணி கட்டை அவிழ்த்தாள். கெண்டைக்கால் நெடுகக் கடுகு இறைத்ததுபோல் கருப்புப் புள்ளிகள். தொடையிடுக்கைத் தொட்டுப் பார்த்து, வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து மூடினாள்.

"எடுத்துருங்க டாக்டரம்மா, நான் ஒத்துக்கறனுங்க" என்றான் காளியண்ணன்.

"இனி எடுத்துப் பிரயோசனம் இல்லைங்க. ஈரல் வரைக்கும் போயிருச்சு."

அவனுக்கு அது காதில் ஏறவில்லை. போர்வையை விலக்கி முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினான். "கீழ பத்தாதுன்னா இங்க எடுத்துக்கங்க. தொடையோட வேணும்னாலும் எடுத்துக்கங்க சாமி."

சாரதாமணி அவன் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்ததும் பொன்னாத்தாள் அவளிடம் கேட்டாள். "எம்புள்ளைக்குக் கழுத்துல மச்சம் இருக்குதுங்க. அதுவும் இப்படி ஆகுமுங்களா?"

"எல்லா மச்சமும் ஆகாதும்மா. வருஷக்கணக்கா ஒரே மாதிரி இருந்தா பெரும்பாலும் பயமில்லை. புதுசா வந்து அகலமாச்சுன்னா, ஓரம் பிசிறினா, நெறம் மாறினா, ரத்தம் வந்தா உடனே காட்டணும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியெல்லாம் பாருங்க."

அத்தனையும் பொன்னாத்தாளின் கண்முன்னால்தானே நடந்தது.

சித்திரை முடியுமுன்னே காளியண்ணன் செத்துப்போனான். ஆடு வாங்கவே இல்லை.

அதற்கப்புறம் பொன்னாத்தாள் தினம் விடிந்ததும் மகள் பெரியநாயகியை வெளிச்சத்துக்கு இழுத்துக் கழுத்து மச்சத்தைப் பார்ப்பாள். "அது யோக மச்சம் புள்ள, அதைப் போயி" என்று பக்கத்து ஊட்டு முத்தாயம்மாள் சிரித்தாள். நேற்று இருந்த அளவுதானா, கூடியிருக்கிறதா? எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"உடும்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றது பிள்ளை. அவள் விடவில்லை. "காலைக் காட்டு" என்றாள்.